டிப்ஸ் பணம் யார் கை வழியாகப் போகிறது?

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் சின்னதாக ஓர் அழகுநிலையம் நடத்தும் சகோதரி ஒருவரின் கேள்வி இது. கடையில் நான்கு பேர். புருவம் திருத்தும் உள்ளூர் அக்காவுக்கு 58 வயது. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வந்துபோகும் மலேசியப் பெண் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார். இன்னொரு உள்ளூர்ப் பெண் சனி, ஞாயிறு மட்டும் வருகிறார். நான்காமவர் ஒரு நாற்காலியை மாத வாடகைக்கு எடுத்து முடி வெட்டுகிறார். வாடிக்கையாளர்களில் சிலர் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஐந்து வெள்ளி என்று கையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் கல்லாப் பக்கத்தில் உள்ள டப்பாவில் போடுகிறார்கள். இப்போது பலர் கடையின் பேநவ் (கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம்) க்யூஆரிலேயே டிப்ஸையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் வரி உண்டா? மசேநி (மத்திய சேமநிதி, முதலாளியும் ஊழியரும் கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்ட வேண்டுமா? அமெரிக்காவில் டிப்ஸுக்கு வரியே இல்லை என்று காணொளியில் பார்த்தேனே, இங்கும் அப்படித்தானா? இவைதான் அவர் கேட்டவை.

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இருபது ஆண்டுக்கு மேலாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். என் அப்பா முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவர். இரவு வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைப் பாயில் கொட்டி எண்ணுவார். அம்மா அதை மைலோ டின்னில் தனியாகப் போட்டுவைப்பார். என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அந்த டின்னிலிருந்து வந்தவை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். சிங்கப்பூரில் டிப்ஸ் வரிக்கு உட்பட்ட வருமானம்தான். கையில் கொடுத்தாலும், டப்பாவில் போட்டாலும், பேநவில் அனுப்பினாலும் அதுதான் நிலை. ஆனால் அதை யார் கணக்கில் காட்டுவது, மசேநி உண்டா இல்லையா, பொருள் சேவை வரி சேருமா என்பதெல்லாம் அந்தப் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. தொகை பெரிதா சிறிதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பணம் போகும் வழியைப் பாருங்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வேலையிலிருந்து கிடைக்கும் ஆதாயம் அனைத்தையும் வரிக்குள் கொண்டுவருகிறது. சம்பளம், கமிஷன், போனஸ், படி, பணிக்கொடை என்று அது வரிசையாகச் சொல்கிறது. பணத்தை முதலாளிதான் தர வேண்டும் என்று அது கேட்பதில்லை. வேலை பார்த்ததனால் வந்ததா என்றுதான் கேட்கிறது. சிங்கப்பூரின் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். அதே 1947இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. டாக்சி நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு ஓட்டிய ஓட்டுநருக்குப் பயணிகள் கொடுத்த டிப்ஸ் வரிக்குரியதா என்பது வழக்கு. வரிக்குரியதுதான் என்று தீர்ப்பானது. வாங்கிய சேவைக்காகக் கொடுத்த பணம் அது, யார் கொடுத்தார் என்பது முக்கியமில்லை என்று நீதிபதி சொன்னார். அதோடு ஒரு விதிவிலக்கையும் அவரே எடுத்துக்காட்டினார். ஒரே ஓட்டுநரை வழக்கமாக அமர்த்திக்கொள்பவர் கிறிஸ்துமஸ் நேரத்தில் அவருக்கென்று ஒரு பெருந்தொகை கொடுத்தால் அது அந்த மனிதருக்குக் கொடுத்த அன்பளிப்பாகலாம், வேலைக்கான கூலி ஆகாது என்றார். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் உங்களுக்கு இது தேவைப்படும். பின்னால் அங்கே வருகிறேன்.

இப்போது உங்கள் கடை. கையோடு கை போகும் பணத்திலிருந்து தொடங்குவோம்.

வாடிக்கையாளர் அக்காவின் உள்ளங்கையில் ஐந்து வெள்ளியை வைக்கிறார். அது உங்கள் கல்லாவைத் தொடவில்லை. உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அந்தப் பணம் அக்காவின் வருமானம். அதை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டியவரும் அவரே. உங்கள் சம்பளக் கணக்கில் அதற்கு இடமில்லை. மசேநியும் கிடையாது, ஏனென்றால் மசேநி சட்டத்தில் சம்பளம் என்பது வேலைக்காக ஊழியருக்கு முதலாளியிடமிருந்து சேர வேண்டிய பணம். வாடிக்கையாளர் தன் விருப்பத்துக்குக் கொடுத்ததை நீங்கள் அவருக்குத் தர வேண்டிய கடனாகக் கொள்ள முடியாது.

கடையின் பேநவுக்கு வந்த டிப்ஸ் வேறு வகை. பணம் உங்கள் வணிகக் கணக்கில் விழுகிறது. மாதக் கடைசியில் நீங்கள்தான் பிரித்துக் கொடுக்கிறீர்கள். அந்த நிமிடமே அது முதலாளி வழியாக வரும் வருமானம். சம்பளச் சீட்டில் தனிப் பதிவாக வர வேண்டும், மசேநி கணக்கில் சேர வேண்டும், ஆண்டு முடிவில் ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் ஐஆர்8ஏ படிவத்தில் இருக்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சம்பளத்தை இனம் இனமாகப் பிரித்துக் காட்டும் சீட்டு எல்லா முதலாளிக்கும் கட்டாயம். சிறு கடை என்று விலக்கு கிடையாது.

டப்பாதான் குழப்பம். அதை யார் திறக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் திறந்து எண்ணி, இவருக்கு இவ்வளவு, அவருக்கு இவ்வளவு என்று தீர்மானித்தால் பேநவ் போலத்தான். ஊழியர்களே சேர்ந்து திறந்து தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டால், உங்கள் கை அதில் படவே இல்லையென்றால், நான் எழுதும் கணக்குகளில் அதை நேரடி டிப்ஸாகவே வைத்துக்கொள்கிறேன். எதுவானாலும் பாதி மாதம் நீங்களும் பாதி மாதம் அவர்களும் பிரிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பிறகு யாராலும் விளக்க முடியாது.

அடுத்தது மக்களைப் பயமுறுத்தும் எண்கள். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன், ஏனென்றால் டிப்ஸுக்கு வரி என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேர் டப்பாவை மறைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

அக்காவை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 2,200 வெள்ளி என்று வையுங்கள், ஆண்டுக்கு 26,400. டிப்ஸ் மாதம் 250 வெள்ளி, ஆண்டுக்கு 3,000. மொத்தம் 29,400. அவர் 55 வயதைத் தாண்டியவர் என்பதால் உழைப்பு வருமானக் கழிவு 6,000 வெள்ளி கிடைக்கும். 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது 1,000தான், 60 ஆகிவிட்டால் 8,000. அடுத்து அவர் கட்டும் மசேநி பங்கும் கழிவாகப் போகும். 2025இல் அந்த வயதுக்கு ஊழியர் பங்கு 17 விழுக்காடு. சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 4,488 வெள்ளி. 29,400இலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் 18,912 வெள்ளி வருகிறது. முதல் 20,000 வெள்ளிக்கு வரி பூஜ்யம். ஆக, டிப்ஸ் முழுவதையும் ஒளிக்காமல் எழுதிய பிறகும் அக்கா கட்ட வேண்டிய வரி ஒரு காசும் இல்லை.

இதே 3,000 வெள்ளியை அவர் மறைத்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? ஒன்றும் இல்லை. ஒன்றும் மிச்சமாகாத ஒரு காரியத்துக்காக மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் பயந்துகொண்டு இருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த 3,000 வெள்ளி கடை வழியாக, சம்பளச் சீட்டு வழியாகப் போனால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 2025 விகிதப்படி நீங்கள் முதலாளி பங்காக 15.5 விழுக்காடு, அதாவது 465 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். அக்காவின் கையிலிருந்து 510 வெள்ளி பிடிக்கப்படும். இரண்டும் சேர்ந்து 975 வெள்ளி அவருடைய மசேநி கணக்குக்குப் போகும். 2026 ஜனவரியிலிருந்து இந்த வயதுப் பிரிவுக்கு விகிதம் 16, 18 என்று உயர்ந்திருக்கிறது. 58 வயதில், கை நடுங்கத் தொடங்கினால் புருவம் திருத்த நூல் பிடிக்க முடியாத தொழிலில் இருப்பவருக்கு இந்தத் தொகை சின்னதில்லை. உங்களுக்கு இது செலவுதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வணிகச் செலவாக உங்கள் வருமானத்தில் கழிந்துவிடும்.

குறைந்த வருமான ஊழியருக்கு அரசு தரும் வேலைநலன் துணை வருமானம் பெறுபவராக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அதற்கான சராசரி மாத வருமான உச்சவரம்பு 3,000 வெள்ளி. கடை வழி வரும் டிப்ஸும் சம்பளமாகச் சேர்வதால், வரம்புக்கு அருகில் இருப்பவருக்கு அந்தத் தொகை சற்றுக் குறையலாம். அக்கா 2,450இல் இருக்கிறார், வரம்புக்குள்தான். இதை அவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். திடீரென்று தொகை குறைந்து வந்தால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும்.

சனி, ஞாயிறு வருபவருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 50 வெள்ளிக்கு மேல் கொடுத்தாலே முதலாளி பங்கு உண்டு. 500 வெள்ளிக்கு மேல் போனால்தான் ஊழியர் பங்கு பிடிக்கப்படும். சம்பளம் 480, கடை வழி டிப்ஸ் 40 என்றால் மொத்தம் 520. வரம்பைத் தாண்டிவிட்டது. பகுதி நேர ஊழியர்கள் விஷயத்தில் கடைக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மலேசியப் பெண்ணுக்கு மசேநி கிடையாது. வரி உண்டு. ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே வேலை பார்த்தால், தினமும் பாலம் தாண்டி வீட்டுக்குப் போனாலும், வரிக்கு அவர் உள்ளூர்வாசிதான். மாதம் 2,400 சம்பளம், 200 டிப்ஸ் என்று வைத்தால் ஆண்டுக்கு 31,200. உழைப்புக் கழிவு 1,000 போனால் 30,200. முதல் 20,000க்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, மீதி 200க்கு 3.5 விழுக்காடு. மொத்தம் 207 வெள்ளி. டிப்ஸைச் சேர்க்காவிட்டால் 156. ஆண்டு முழுக்க வாங்கிய 2,400 வெள்ளி டிப்ஸுக்குக் கூடுதல் வரி 51 வெள்ளி, அவ்வளவுதான்.

61 நாளிலிருந்து 182 நாள் வரை மட்டும் வேலை பார்த்தால் கணக்கு மாறும். சம்பளத்துக்கு 15 விழுக்காடு அல்லது உள்ளூர்வாசி விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. ஆண்டுக் கடைசியில் சேர்ந்து அடுத்த ஆண்டும் இடைவிடாமல் தொடர்ந்தால், இரண்டு ஆண்டும் சேர்ந்து 183 நாள் வந்தாலே உள்ளூர்வாசியாக எடுத்துக்கொள்வார்கள். அவர் வேலையை விட்டுப் போகும்போது வெளிநாட்டு ஊழியரின் வரிக் கணக்கைத் தீர்க்கும் ஐஆர்21 படிவத்தை ஒரு மாதம் முன்னதாகவே நீங்கள் அனுப்ப வேண்டும், அவருக்குத் தர வேண்டிய பணத்தை வரி தீரும்வரை நிறுத்தி வைக்கவும் வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அவருடைய டிப்ஸ் பங்கும் அந்தப் பணத்தில் அடங்கும்.

அவர் விஷயத்தில் இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தபோது மனிதவள அமைச்சிடம் நீங்கள் எழுதிக்கொடுத்த நிலையான மாதச் சம்பளம் முழுவதும் உங்கள் பையிலிருந்து போக வேண்டும். இந்த மாதம் டிப்ஸ் நிறைய வந்தது, அதனால் சம்பளத்தில் குறைத்துக்கொண்டேன் என்பதற்கு இடமே இல்லை. அதேபோல அவருக்கு நாற்காலியை வாடகைக்கு விட்டு “நீயே சம்பாதித்துக்கொள்” என்று சொல்லவும் முடியாது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது.

நாற்காலி வாடகைக்காரர் அந்த வகையில்தான் தனி. அவர் உண்மையிலேயே சுயதொழிலர் என்றால் அவர் வாங்கும் டிப்ஸ் அவருடைய தொழில் வருமானம், வெட்டுக்கு வாங்கும் காசைப் போலவே. வாடகை, கத்தரி, சாயம், துண்டு எல்லாவற்றையும் கழித்து நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் போனால் அவர் வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், மெடிசேவும் (மசேநியின் மருத்துவச் சேமிப்பு) கட்ட வேண்டும். டிப்ஸையும் வைத்துத்தான் அந்த 6,000 எண்ணப்படும். ஐந்தாண்டுக்குக் கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். நிபந்தனைகளுக்குள் இருப்பவராக இருந்தால், வருமானத்தை அறிவித்து மெடிசேவ் கட்டினால்தான் சுயதொழிலருக்கான வேலைநலன் தொகையும் அவருக்கு வரும். மறைப்பதால் இழப்பவர் அவரே.

ஆனால் அவர் உண்மையிலேயே சுயதொழிலரா? எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யார் சொல்கிறார்? வெட்டுக்கு விலையை யார் வைக்கிறார்? கருவிகள் யாருடையவை? வாடிக்கையாளர் வராத மாதத்தில் நட்டம் யாருடையது? எல்லாவற்றுக்கும் விடை நீங்கள் என்று வந்தால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் ஊழியர்தான். பழைய மாதங்களுக்கான மசேநி எல்லாம் சேர்ந்து ஒருநாள் உங்கள் தலையில் விழும், தாமத வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டோடு. இந்த வட்டாரத்தில் நான் பார்த்த மிகப் பெரிய சிக்கல்கள் டிப்ஸில் தொடங்கியவை அல்ல, இந்த நாற்காலியில் தொடங்கியவை.

நீங்களே நூல் பிடிப்பீர்கள், இல்லையா? வாடிக்கையாளர் உங்கள் கையிலும் ஐந்து வெள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார். அது உங்கள் வணிக வருமானம். தனிநபர் உரிமைக் கடை என்றால் கடையின் வரவோடு அதையும் எழுத வேண்டும். ஊழியர் டிப்ஸைப் பற்றி அக்கறையோடு கேட்கும் உரிமையாளர்கள் தங்கள் டிப்ஸை மறந்துவிடுவது வழக்கம்.

தீபாவளிக்கு வருவோம். கேம்பல் லேன் பக்கம் கடைகள் போட்டு விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் உங்கள் கடையில் மருதாணிக்கும் புருவத்துக்கும் வரிசை நிற்கும். வழக்கமாக இரண்டு வெள்ளி தருபவர் அன்று பத்து வெள்ளி தருவார். அது பண்டிகை நேரத்து டிப்ஸ், வேலைக்காகத்தான் தருகிறார், வரிக்குரியதுதான். ஆனால் பத்து வருடமாக அக்காவிடமே வரும் ஒரு பாட்டி, அக்காவின் மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு, தன் கையால் ஒரு உறையில் 200 வெள்ளி வைத்துக் கொடுத்தால் அது வேறு. அன்று அவர் புருவம்கூடத் திருத்திக்கொள்ளவில்லை. அந்த இங்கிலாந்து நீதிபதி சொன்ன வேறுபாடு இதுதான். மனிதருக்குக் கொடுத்தாரா, வேலைக்குக் கொடுத்தாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை சட்டென்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் வருமானமாக எழுதிவிடச் சொல்வேன்.

பொருள் சேவை வரியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆண்டு விற்றுமுதல் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை பதிந்துகொள்ளத் தேவையில்லை. உங்கள் கடை அந்த வரம்புக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. பதிவு செய்த கடைகளுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் தானாகக் கொடுக்கும் டிப்ஸுக்கு அந்த வரி இல்லை. ரசீதில் நீங்களே போடும் சேவைக் கட்டணத்துக்கு உண்டு. உணவகத்தில் 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 110, அதற்கு மேல் 9 விழுக்காடு வரி சேர்ந்து 119 வெள்ளி 90 காசு என்று வருவது இதனால்தான். அந்தப் பத்து வெள்ளி பரிமாறிய பையனுக்குப் போகிறது என்று நம்மில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இல்லை. பிரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு, அப்படிக் கொடுத்தால் அது சம்பளம், மசேநியும் உண்டு. கொடுக்காத நிறுவனங்களும் உண்டு. பரிமாறியவருக்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த அமெரிக்கக் காணொளி. 2025 ஜூலை 4 அன்று அங்கே கையெழுத்தான ஒரு சட்டம் டிப்ஸ் வாங்குவோருக்கு ஒரு கழிவைத் தந்திருக்கிறது. ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டாலர் வரை டிப்ஸ் வருமானத்தைக் கூட்டரசு வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் 2028 வரைதான். தனியாளுக்கு வருமானம் 150,000 டாலரைத் தாண்டினால் கழிவு படிப்படியாகக் குறையும். ரசீதில் கட்டாயமாகச் சேர்க்கும் சேவைக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. வரியே இல்லை என்பது பேச்சுக்குச் சொல்வது. சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் ஊழியர் 7.65 விழுக்காடு, முதலாளி 7.65 விழுக்காடு கட்டுவது டிப்ஸுக்கும் தொடர்கிறது. ஒரு மாதத்தில் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வாங்கினால் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதலாளியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. உங்கள் தொழிலைப் பொறுத்தவரை ஒரு செய்தி உண்டு. ஊழியர் டிப்ஸுக்காக முதலாளி கட்டும் அந்த 7.65 விழுக்காட்டை ஈடுசெய்யும் வரிச்சலுகை முன்பு உணவகங்களுக்கு மட்டும் இருந்தது. அதே சட்டம் அதை முடி, நகம், தோல் பராமரிப்புக் கடைகளுக்கும் நீட்டித்தது. நீங்கள் பார்த்த காணொளி அமெரிக்க அழகுநிலையங்களைப் பற்றியது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கே டிப்ஸ் இவ்வளவு பெரிய அரசியலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டரசு விதித்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து மாறவில்லை. டிப்ஸ்தான் அவர்களுக்குச் சோறு. நம் ஊரில் சம்பளம்தான் சோறு, டிப்ஸ் அதன் மேல் ஊற்றும் குழம்பு. அங்கே உள்ள சட்டத்தில் ஒரு சொல்கூட இங்கே செல்லாது. அந்தக் காணொளியை நம்பி யாரும் தங்கள் படிவத்தை நிரப்ப வேண்டாம்.

கடந்த ஆண்டுகளில் எழுதாமல் விட்டிருந்தால்? உங்களைப் போன்ற பலர் எனக்குத் தனியாகக் கேட்கும் கேள்வி இது. உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தானாக முன்வந்து சொல்லும் திட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்ல வேண்டும், முழுதாகச் சொல்ல வேண்டும். தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் சொன்னால் வேண்டுமென்று செய்யாத தவறுக்கு அபராதம் இல்லை. அதைத் தாண்டினால், குறைத்துக் கட்டிய வரியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 விழுக்காடு. அவர்களே கண்டுபிடித்தால் அறியாமல் செய்ததற்கே குறைத்துக் கட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் வரலாம். வேண்டுமென்றே மறைத்தது என்று தீர்மானமானால் மூன்று மடங்கு, 10,000 வெள்ளி வரை தண்டம், மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அக்காவைப் போன்றவருக்குக் குறைத்துக் கட்டிய வரியே பூஜ்யம் என்பதையும் மறக்காதீர்கள். பயத்தோடு பத்து ஆண்டு இருப்பதைவிட ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது எளிது.

வரியைவிட என்னை அதிகம் வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவர் வேலை பார்த்த கடையில் டிப்ஸ் எல்லாம் உரிமையாளரின் சொந்தப் பேநவுக்குப் போகும். மாதக் கடைசியில் வாய்வார்த்தையில் ஒரு தொகை சொல்லிக் கையில் கொடுப்பார்கள். வேலையை விட்டபோது கடைசி இரண்டு மாத டிப்ஸ் வரவில்லை. கேட்டதற்கு “எவ்வளவு என்று உன்னிடம் கணக்கு இருக்கிறதா?” என்றார்களாம். அவரிடம் இல்லை. சம்பளச் சீட்டில் டிப்ஸ் என்ற பதிவே இல்லை. வாடிக்கையாளர்கள் அவருக்கென்று அனுப்பிய பணம் அது, ஆனால் அவருடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நான் சொல்வது, டிப்ஸை எழுதுங்கள் என்பதைத்தான்.

எழுதுவது கடினமில்லை. கடைக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். பேநவில் வந்த டிப்ஸை அன்றன்றே தேதி, தொகை, யாருக்கு என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். வாடிக்கையாளர் 25 வெள்ளி வேலைக்கு 30 அனுப்பினால், அந்த ஐந்து யாருக்கு என்று அவர் கதவைத் தாண்டுவதற்குள் கேட்டுவிடுங்கள். சொந்தப் பேநவ் எண்ணுக்கு வாங்கவே வாங்காதீர்கள், வணிகக் கணக்குக்கு மட்டும் வாங்குங்கள். டிப்ஸை விற்பனையோடு கலக்காமல் கணக்கில் தனித் தலைப்பில் வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் டிப்ஸ் என்று தனிப் பதிவு போட்டு, அன்றே ஊழியரிடம் நோட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கையில் வாங்கும் டிப்ஸுக்கு ஊழியர்கள் தங்கள் கைப்பேசியிலேயே நாள்தோறும் ஒரு எண்ணைக் குறித்துவைத்தால் போதும். என் அப்பா காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்துவைப்பார்.

உங்கள் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர்தான், நாற்காலிக்காரர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். ஐந்து ஊழியர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சம்பள விவரத்தை மின்வழி நேரே ஆணையத்துக்கு அனுப்புவது கட்டாயம். நீங்கள் விரும்பினால் சேரலாம். சேராவிட்டால் மார்ச் 1ஆம் தேதிக்குள் ஐஆர்8ஏ படிவத்தை ஊழியர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும், கடை வழியாகப் போன டிப்ஸையும் சேர்த்து. அவர்கள் ஏப்ரல் 18ஆம் தேதிக்குள் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக ஆணையத்தின் இணையத்தளத்துக்கு உள்ளே போய், கையில் நேரே வாங்கிய டிப்ஸைத் தாங்களே சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யத் தேவையில்லை என்று ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தவர்களும் விடுபட்ட வருமானம் இருந்தால் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்குத் திரையில் எழுத்துகள் தெரியாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்து காட்டுங்கள். அரைமணி நேரம் போதும். கடைசியில் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று வருவதை அவரே கண்ணால் பார்க்கட்டும்.